லென்ஸில் விழும் கீறல்: காசிமேட்டு வெளிச்சத்தில் ஒரு விளக்கம்

வட சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடக்கும் விடிகாலையில், தலைக்கு மேல் எரிந்த விளக்குகளை நோக்கிக் கேமராவைத் திருப்பியபோதுதான் என் 50 மி.மீ. லென்ஸில் கீறல் இருப்பது தெரிய வந்தது. வஞ்சிரக் கூடையோடு எதிரே வந்தவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில், பால் கலந்த தண்ணீரைப் போல ஒரு வெளிறல் படர்ந்திருந்தது. விளக்குக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்த படங்களில் அந்த வெளிறல் இல்லை. லென்ஸைச் சாய்த்துப் பார்த்தேன். முன் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளைந்து சென்ற, ஏறத்தாழ 8 மி.மீ. நீளமும் தலைமுடியைவிடக் குறைந்த தடிமனும் உள்ள ஒரு கோடு தெரிந்தது. அது எப்படி விழுந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. முந்தைய வாரம் ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படிந்ததைப் பார்த்துப் பொறுமையில்லாமல் டி-ஷர்ட்டின் நுனியால் துடைத்தவன் நான்தான்.

கீறல் விழுந்த லென்ஸைப் பற்றி நம்மிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. லென்ஸ் தீர்ந்தது, இனிப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான் என்பது ஒன்று. பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடிப்படை ஒரே தவறுதான். கண்ணாடியில் கோடு இருந்தால் படத்திலும் அதே இடத்தில் கோடு விழும் என்று நினைத்துக்கொள்கிறோம். லென்ஸ் அப்படி வேலை செய்வதில்லை.

குடிசை மாற்று வாரிய அடுக்ககத்தில் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருப்பார்கள். வலையிலிருந்து சற்றுத் தள்ளி நின்றால் கம்பிகள் கட்டம் கட்டமாகத் தெரியும். கண்ணை வலைக்கு ஒட்டினாற்போல் வைத்துத் தெருவைப் பார்த்தால் கம்பிகள் காணாமல் போய்விடும். தெருமுனைக் குழாயடிவரை துல்லியமாகத் தெரியும். கம்பி அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் கண்ணின் குவியத்துக்கு அது அகப்படுவதில்லை. அதே ஜன்னலில் சாய்வெயில் நேராக வலைமீது விழும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். கம்பிகள் ஒவ்வொன்றும் வெயிலில் மினுங்கி, தெரு முழுவதும் ஒரு வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய்விடும். முன் கண்ணாடியில் விழுந்த கீறலின் முழுக் கதையும் இந்த இரண்டு காட்சிகளில் அடங்கிவிடுகிறது. சாதாரண வெளிச்சத்தில் அது படத்தில் தெரிவதே இல்லை. எதிர் வெளிச்சம் அதன்மீது பட்டால், கோடாக அன்றி வெளிறலாகத் தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். லென்ஸின் குவியத்தூரத்தை (என் லென்ஸுக்கு 50 மி.மீ.) ஒளி நுழையும் வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். எஃப் 1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸை முழுவதும் திறந்து வைத்தால், ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் சுமார் 27.8 மி.மீ.; பரப்பு ஏறத்தாழ 600 சதுர மி.மீ. என் லென்ஸில் விழுந்த கோட்டின் அகலத்தை 0.05 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அது அடைக்கும் பரப்பு வெறும் 0.4 சதுர மி.மீ. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி அந்த வட்டம் முழுவதிலிருந்தும் வந்து சேர்வதால், கீறல் தடுக்கும் சிறு பங்கை மிச்சமுள்ள கண்ணாடி ஈடுகட்டிவிடுகிறது.

திறப்பைச் சுருக்கினால் கதை மாறுகிறது. அதே லென்ஸை எஃப் 16க்குக் கொண்டுவந்தால் ஒளி நுழையும் வட்டம் 3 மி.மீ. அளவுக்குச் சுருங்குகிறது, பரப்பு 8 சதுர மி.மீ.க்கும் கீழே போகிறது. கீறல் இந்தச் சிறிய வட்டத்தைக் குறுக்கே கடந்து சென்றால் ஒளியில் ஏறத்தாழ 2 சதவீதம் அதில் சிக்கும். முன்பு இருந்ததைவிட இது முப்பது மடங்கு. பட்டப்பகலில் துறைமுகத்தின் நீண்ட காட்சியை முன்னிருந்து பின்வரை தெளிவாக எடுக்க வேண்டும் என்று திறப்பைச் சுருக்குபவர்களுக்குக் கீறல் அதிகத் தொல்லை தருவதும், திறப்பை அகலமாக வைத்து முகங்களை எடுப்பவர்கள் அதைப் பல மாதங்கள் கவனிக்காமலேயே இருப்பதும் இதனால்தான்.

அகலத் திறப்பிலும் கீறல் காட்டிக்கொடுக்கும் ஓர் இடம் உண்டு. பின்னணியில் சீரியல் லைட்டுகள் மங்கி வட்ட வட்டமாகத் தெரியும்படி கல்யாணப் படம் எடுப்பவர்கள் அந்த வட்டங்களை உற்றுப் பார்க்க வேண்டும். குவியத்துக்கு வெளியே உள்ள விளக்கின் ஒவ்வொரு வட்டமும் லென்ஸின் திறப்பையே நமக்குப் பிம்பமாகக் காட்டுகிறது. லென்ஸில் உள்ள கீறல், பூஞ்சை, உள்ளே ஒட்டிய தூசி எல்லாம் அந்த வட்டத்துக்குள் நிழலாகத் தெரியும். தொண்டையார்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் கல்யாண வரவேற்பு எடுக்கும் நண்பர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். நான் இதை இலவசச் சோதனைக் கருவி என்பேன். இருட்டறையில் தூரத்தில் ஒரு சிறு விளக்கை வைத்து, குவியத்தை வேண்டுமென்றே தவறவிட்டு ஒரு படம் எடுத்தால், லென்ஸின் உடல்நிலை அந்த ஒரு வட்டத்துக்குள் வந்துவிடும்.

கீறல் எதில் விழுந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வெறும் கண்ணாடி, தன்மீது விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். லென்ஸுக்குள் ஆறேழு கண்ணாடிகள், பத்துக்கும் மேற்பட்ட பரப்புகள் இருப்பதால், பூச்சு இல்லாவிட்டால் ஒளியில் கணிசமான பங்கு உள்ளுக்குள்ளேயே எதிரொளித்துப் படத்தை வெளிறச் செய்துவிடும். இதைத் தடுப்பதற்காகவே கண்ணாடிமீது மெல்லிய பூச்சு ஏற்றுகிறார்கள். மெக்னீசியம் ஃபுளோரைடு ஓர் அடுக்கு பூசினாலே இழப்பு 1.5 சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். பல அடுக்குப் பூச்சில் அரை சதவீதத்துக்கும் கீழே போகும். அந்த ஓர் அடுக்கின் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு கணக்கில் அந்தத் தடிமன் அமைவதால், மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. ஜெர்மனியின் சைஸ் லென்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெறும்வரை லென்ஸுகள் பூச்சில்லாமல்தான் வந்துகொண்டிருந்தன.

அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1890களில், இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் வடிவமைப்பாளர் விந்தையான ஒன்றைக் கவனித்திருந்தார். ஆண்டுக்கணக்கில் காற்றுப் பட்டு நிறம் மங்கிப்போன பழைய லென்ஸுகள், கெட்டுப்போனவை என்று எல்லோரும் ஒதுக்கியவை, புத்தம் புதியவற்றைவிடக் கூடுதல் ஒளியைக் கடத்தின. காலம் கண்ணாடியின் மேற்பரப்பில் ஏற்படுத்திய மாற்றமே ஒரு பூச்சைப்போல வேலை செய்திருக்கிறது. பார்வைக்கு அழுக்காகத் தெரியும் லென்ஸ் படத்தில் நன்றாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சியம் எனக்குத் தெரிந்து இல்லை.

பூச்சின் கணக்கு நமக்கு எதற்கு என்றால், கீறல்களில் பெரும்பாலானவை பூச்சோடு நின்றுவிடுபவை. பூச்சு போன இடத்தில் கண்ணாடி தன் பழைய 4 சதவீத எதிரொளிப்புக்குத் திரும்புகிறது. அதுவும் முடியிழை அகலக் கோட்டில் மட்டும். படத்தில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்ணாடிவரை இறங்கிய கீறல் வேறு வகை. அதன் இரண்டு கரைகளும் உடைந்த சரளைக்கல் ஓரம்போல் ஒழுங்கற்று இருப்பதால், எதிர் வெளிச்சம் பட்டதும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. காசிமேட்டில் நான் கண்ட வெளிறல் இந்த வகை.

இரண்டையும் பிரித்தறிய, லென்ஸை ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் பூச்சின் ஊதா அல்லது பச்சை நிறப் பிரதிபலிப்பு தெரியும். பூச்சு மட்டும் போயிருந்தால் அந்த நிறத்துக்குள் ஒரு வெளுத்த கோடு தெரியும். லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தக் கோடு மறைந்துவிடும் அல்லது மிக மங்கலாகிவிடும். கண்ணாடிவரை இறங்கியிருந்தால் டார்ச் வெளிச்சத்தில் அது வெள்ளி இழைபோல் மின்னும். நகத்தால் வருடிப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். நகத்துக்கடியில் இருக்கும் ஒரு மணல் துகள் போதும், பக்கத்திலேயே இன்னொரு கோடு போடுவதற்கு.

தொழிற்சாலைகளே கீறல் இல்லாத கண்ணாடியை எதிர்பார்ப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். ஒளியியல் கண்ணாடிகளின் மேற்பரப்புக் குறைகளை அளவிட அமெரிக்க ராணுவத்தின் தர வரையறை ஒன்று பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 60-40 என்பதுபோல இரட்டை எண்களால் தரம் குறிக்கப்படும். முதல் எண் கீறல் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை மாதிரித் தட்டோடு ஒப்பிட்டுச் சொல்வது. இரண்டாவது எண், அனுமதிக்கப்படும் குழியின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவுகளில் சொல்வது. அதாவது 40 என்றால் 0.4 மி.மீ. அளவுக் குழிவரை ஏற்கலாம். குறைகளுக்கே தரம் வகுத்திருக்கிறார்கள் என்றால், எந்த அளவுவரை அவை பாதிக்காது என்று பார்த்துத்தான் வகுத்திருப்பார்கள்.

இதுவரை சொன்னவை முன் கண்ணாடிக்கு. பின் கண்ணாடியில், அதாவது கேமராவுக்குள் நுழையும் பக்கத்தில் கீறல் விழுந்தால் இந்த ஆறுதல்கள் எவையும் செல்லாது. அங்கே ஒளிக்கற்றை கூம்பாகக் குவிந்துகொண்டிருக்கிறது. படத்தின் ஒரு புள்ளிக்குப் போகும் ஒளி கண்ணாடியின் மிகச் சிறிய பகுதியை மட்டுமே கடக்கிறது. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலிருந்து 20 மி.மீ. தொலைவில் பின் கண்ணாடி இருந்து, திறப்பு எஃப் 8 ஆக இருந்தால், அந்தக் கூம்பின் அகலம் அங்கே 2.5 மி.மீ.தான். கீறல் அதில் நிழலாகவே விழத் தொடங்குகிறது, அதுவும் படத்தின் குறிப்பிட்ட பகுதியில். கண்ணாடி மடங்கும் பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே கேனனில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. இடைவெளி இருந்தது. அந்த மடங்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் அது சோனியில் 18 மி.மீ., நிக்கான் இசட் வகையில் 16 மி.மீ. ஆகக் குறைந்துவிட்டது. பின் கண்ணாடி சென்சாரை நெருங்க நெருங்க, அதன்மீதுள்ள கீறல் படத்தில் இன்னும் கூர்மையாகப் பதியும். ஆகையால் லென்ஸ் மாற்றும்போது பின் மூடியைப் போடாமல் பைக்குள் எறிபவர்களைக் கண்டால் எனக்குப் பதற்றமாக இருக்கும். முன் மூடி தொலைந்தால் பரவாயில்லை; பின் மூடி தொலைந்தால் அன்றைக்கே வேறு வாங்கிவிட வேண்டும்.

வட சென்னைக் கடற்கரையில் கீறல் எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை. கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவில் லென்ஸுக்குப் பயன்படும் கண்ணாடி பெரும்பாலும் 5 முதல் 6 வரை நிற்கும். கடல்மணலின் முக்கியச் சரக்கான குவார்ட்ஸ் 7. நம் கரை மணலில் செம்மணிகளாகத் தெரியும் கார்னெட்டும் கிட்டத்தட்ட அதே அளவு, சில சமயம் அதற்கும் மேலே. ஆக மணல் கண்ணாடியைக் கீறும். கண்ணாடி மணலைக் கீறாது. கடல் உப்போ வெறும் 2.5. உப்புத் துளி காய்ந்து வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருப்பதைப் பார்த்து உப்புதான் கீறுகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உப்பு கீறாது. ஆனால் உப்பு ஈரத்தை இழுத்து, மணலையும் தூசியையும் பசைபோலக் கண்ணாடியோடு பிடித்து வைக்கிறது. காய்ந்த துணியால் அதை அழுத்தித் துடைக்கும்போது, உப்புக்குள் ஒளிந்திருக்கும் மணல்தான் உழுதுகொண்டு போகிறது.

மணலோடு நிற்பதில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் பக்கமும் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்திலும் படம் எடுப்பவர்களுக்குச் சாம்பலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கரிச் சாம்பலின் துகள்கள் சிலிக்காவும் அலுமினாவும் கலந்தவை. பெரும்பகுதி கண்ணாடிக் குண்டுமணிகளைப்போல உருண்டையானவை, இடையிடையே குவார்ட்ஸும் கலந்திருக்கும். முகத்தில் பட்டால் மாவுபோல் மென்மையாக இருக்கும். அதனால் ஏமாந்து, துணியால் துடைத்துவிடலாம் என்று தோன்றும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கரையேற்றிய ஃபைபர் படகுகளைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்துப் பழுதுபார்க்கும்போது பறக்கும் வெள்ளைத் தூள், உண்மையில் பொடியான கண்ணாடி இழையும் பிசினும்தான். அந்தப் படகுகளின் வண்ணங்களை எடுக்க ஆசைப்பட்டு அருகே போகும் புகைப்படக்காரர், கண்ணாடியின்மீது கண்ணாடித் தூளைச் சேகரித்துக்கொண்டு திரும்புகிறார்.

எண்ணெய் இன்னொரு வகைத் தொல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது அங்கே படம் எடுக்கப் போனவர்களின் லென்ஸில் படிந்த மெல்லிய படலம், விளக்கொளியில் பார்த்தால் அச்சு அசலாகக் கீறல் கூட்டம்போலவே இருந்திருக்கும். சாதாரணமாக மீன் சுத்தம் செய்யும் இடத்தில் தெறிக்கும் கொழுப்பும், விரல் ரேகையும்கூட இப்படித்தான். கீறல் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் லென்ஸை ஒழுங்காகச் சுத்தம் செய்து பார்த்தாக வேண்டும். நான் மண்ணடியில் ஒரு சந்துக்குள் கேமரா பழுதுபார்க்கும் ஒருவரிடம் என் லென்ஸைக் கொண்டுபோனபோது, அவர் வாயைத் திறக்காமல் முதலில் செய்தது அதைத்தான்.

ரப்பர் ப்ளோயரால் லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து ஊதினார், விழுவது கீழே விழட்டும் என்று. பிறகு மென்மையான பிரஷ். அதன்பின் லென்ஸ் பேப்பரில் இரண்டு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றி, அழுத்தமே இல்லாமல் இழுத்தார். ஒரு சுற்று முடிந்ததும் அந்தப் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அழிந்தது அழிந்தபின் மிஞ்சிய கோட்டின்மீது பேனா டார்ச்சை அடித்து, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கும் உருப்பெருக்கியால் பார்த்தார்.

“தம்பி, இது தானா விழுந்த கோடு இல்ல, நீ துடைச்ச கோடு. பாரு, கை போன போக்குல வளைஞ்சி போவுது.”

“எடுக்க முடியாதாண்ணே?”

“எடுக்குறதுன்னா கண்ணாடியத்தான் எடுக்கணும். ஓரத்துல சின்னதா குழி கீது, அத்த வேணும்னா கறுப்பு வெச்சி அடைக்கலாம்.”

அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களிலும் ஒளியியல் முழுமையாக இருந்தது. கீறலை எடுப்பதென்றால் அதன் ஆழம்வரை கண்ணாடியின் பரப்பு முழுவதையும் சமமாகத் தேய்த்துக் குறைக்க வேண்டும். தொழிற்சாலையில் சீரியம் ஆக்சைடு போன்ற மெருகுப் பொடிகளை வைத்து இதைச் செய்கிறார்கள். ஆனால் அங்கே பரப்பின் வளைவை ஒளியலையின் ஒரு பின்னம் அளவுக்குத் துல்லியமாக, அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு அளவுக்குக் காப்பாற்றுகிறார்கள்; பிறகு வெற்றிட அறைக்குள் வைத்துப் பூச்சை மறுபடி ஏற்றுகிறார்கள். வீட்டில் பற்பசையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்ப்பவர் இரண்டில் ஒன்றையும் செய்வதில்லை. பற்பசையில் உள்ள சுண்ணாம்புத் தூளும் சிலிக்காவும் 100 நானோமீட்டர் பூச்சைத் திட்டுத் திட்டாக உரித்து, தேய்த்த இடத்தில் ஆயிரக்கணக்கான நுண்கீறல்களையும் விட்டுச் செல்கின்றன. ஒரு கோட்டால் வந்த வெளிறல் அப்போது முழு லென்ஸுக்கும் பரவிவிடும். பித்தளை பாலிஷுக்கும் கார் பாலிஷுக்கும் இதே தீர்ப்புதான். கீறலோடு இருந்த லென்ஸை நான் வாங்குவேன். தேய்க்கப்பட்ட லென்ஸை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

கறுப்பு வைப்பது என்பது கேட்பதற்கு விநோதமாக இருந்தாலும் பழைய, பயனுள்ள வழி. பெயர்ந்த குழியோ ஆழமான வெட்டோ இருக்கும் இடத்தில் தொல்லை தருவது ஒளி தடைபடுவது அல்ல, சிதறுவதுதான் என்பதை முன்பே பார்த்தோம். அந்தக் குழிக்குள் பளபளப்பில்லாத கறுப்பு மையை ஊசி முனையால் நிரப்பிவிட்டால், சிதறவேண்டிய ஒளி அங்கேயே உறிஞ்சப்படும். இழப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம். மீள்வது படத்தின் கறுப்பு நிறம். கண்ணாடியில் கறுப்புப் புள்ளியைப் பார்த்துப் பிறர் முகம் சுளிப்பார்கள், படத்தில் அது தெரியாது. மெல்லிய கோடுகளுக்கு இது தேவையும் இல்லை, மை அதற்குள் நிற்கவும் நிற்காது. என் லென்ஸில் ஓரத்துக் குழியை மட்டும் அவர் பல்குச்சியின் முனையைச் சீவி அடைத்துக் கொடுத்தார். தேவைப்பட்டால் ஆல்கஹால் தொட்டு எடுத்துவிடக்கூடிய மையாகப் பார்த்துப் பயன்படுத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். நாளை முன் கண்ணாடியையே மாற்ற நேர்ந்தால் அடுத்தவர் கையில் அது இடைஞ்சலாக இருக்கக் கூடாது.

முன் கண்ணாடியை மாற்றுவது விலையுயர்ந்த பெரிய லென்ஸுகளுக்கு நியாயமான செலவாக இருக்கலாம். சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கு அந்தச் செலவு லென்ஸின் விலையையே நெருங்கிவிடும். கீறல் பயன்படுத்துபவரால் நேர்ந்தது என்பதால் வாரன்டியும் பொதுவாகக் கைகொடுக்காது.

அதிகச் செலவில்லாமல் கிடைக்கும் மருந்து, லென்ஸின் முனையில் மாட்டும் குடைபோன்ற மறைப்பான லென்ஸ் ஹூட். படச்சட்டத்துக்கு வெளியே இருக்கும் வெளிச்சம் கீறலின்மீது விழாமல் தடுத்துவிட்டால் கீறல் பாதி செத்த மாதிரி. ஹூட் இல்லாத இடத்தில் உள்ளங்கையோ தொப்பியோ போதும். படத்துக்குள் கை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சூரியனோ விளக்கோ சட்டத்துக்குள்ளேயே இருந்தால் ஹூட் பயன்படாது. நம் கடற்கரை கிழக்கு நோக்கி இருப்பது இங்கே ஒரு சிக்கல். கரையேறும் படகுகள் காலைச் சூரியனை முதுகில் சுமந்துகொண்டுதான் வருகின்றன. நாம் விரும்பி எடுக்கும் காட்சியே கீறலுக்குப் பிடித்தமான வெளிச்சமாக அமைந்துவிடுகிறது. ஓரடி இடம் மாறி, பாய்மரத்துக்கோ ஐஸ் பெட்டிக்கோ பின்னால் சூரியனை மறைத்து எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். மிச்சமிருக்கும் வெளிறலைக் கணினியில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிச் சரிசெய்யலாம். ஆனால் நிழல்களில் நிறப்புள்ளிகள் கிளம்பும் அளவுக்குப் போகக் கூடாது.

லென்ஸைக் காக்க அதன் முன்னால் திருகி மாட்டும் தனிக் கண்ணாடியான ஃபில்டரைப் போடலாமா வேண்டாமா என்று புகைப்படக்காரர்களுக்குள் நடக்கும் சண்டையில் நான் நடுவில் நிற்கிறேன். மணலும் உப்பும் பறக்கும் இடத்தில் நல்ல பூச்சுள்ள ஒரு யுவி ஃபில்டர் தியாகியாக முன்னால் நிற்பது நல்லதுதான். கீறல் விழுந்தால் ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிடலாம். இரவு விளக்குகளுக்கு எதிரே அதே ஃபில்டர் கூடுதலாக இரண்டு பரப்புகளைச் சேர்த்து, விளக்கின் பேய்ப் பிம்பங்களைத் தலைகீழாகக் காட்டும். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் திருவிழாவின் மின்விளக்கு அலங்காரத்தை எடுக்கப் போகும்போது அதைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவதே சரி. கீழே விழுந்து உடையும் ஃபில்டரின் சில்லுகளே முன் கண்ணாடியைக் கீறிய கதைகளும் உண்டு. அது லென்ஸைக் காப்பாற்றியது என்று எப்போதும் சொல்லிவிட முடியாது.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் செய்யவேண்டியது, உப்பை முதலில் கரைத்துவிடுவது. ஆல்கஹாலில் உப்பு சரியாகக் கரையாது, தண்ணீர்தான் வேண்டும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரை லென்ஸ் பேப்பரில் நனைத்து, துடைக்காமல் கண்ணாடியின்மீது சில நொடிகள் ஒற்றி வைத்து எடுத்தால் உப்பும் அதில் சிக்கிய மணலும் இளகிவிடும். தண்ணீரை நேராக லென்ஸின்மீது ஊற்றினால் ஓர வளையத்தின் வழியே உள்ளே இறங்கிவிடும். வாயால் ஊதுவதில் எச்சில் தெறிக்கும். டி-ஷர்ட், கைலி நுனி, புடவைத் தலைப்பு, கைக்குட்டை எதுவும் வேண்டாம். பருத்தி நூல் மென்மைதான், ஆனால் காசிமேட்டில் ஒரு மணிநேரம் நின்ற சட்டையில் பருத்தி மட்டுமா இருக்கிறது? மைக்ரோஃபைபர் துணியையும் பைக்குள் திறந்தபடி போட்டு வைத்தால் அது ஒரு வாரத்தில் உப்புத்தாளாகிவிடும். ஏசியிலிருந்து வெளியே வந்ததும் படியும் ஆவியைத் துடைக்கவே கூடாது. கேமராவைப் பைக்குள் மூடியபடி கால் மணிநேரம் வெளியே வைத்திருந்தால் கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்துவிடும், ஆவி தானாகப் போய்விடும். நான் அன்றைக்குச் செய்யத் தவறியது இந்தக் கால் மணிநேரக் காத்திருப்பைத்தான்.

கைபேசிக் கேமராவுக்கு வந்தால் மேலே போட்ட கணக்கு வேறு முகம் காட்டுகிறது. இன்றைய கைபேசிகளின் முதன்மைக் கேமராவில் ஒளி நுழையும் துளையின் விட்டம் சுமார் 3 முதல் 4 மி.மீ.தான். என் 50 மி.மீ. லென்ஸ் எஃப் 16இல் இருக்கும் அதே நிலையில் கைபேசி எப்போதுமே இருக்கிறது. அதனால் பெரிய லென்ஸில் பொருட்டே இல்லாத கோடு, கைபேசியில் விளக்கிலிருந்து கீற்றுக்கீற்றாக ஒளியை இழுத்துவிடும். சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் ஒரே பையில் கிடப்பதால் கீறல் விழும் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. பித்தளையும் நிக்கலும் கடினக் கண்ணாடியைச் சுலபத்தில் கீறுவதில்லை, பையின் அடியில் தங்கிய மணல்தான் கீறுகிறது. நல்ல செய்தி என்னவென்றால், கீறல் விழுவது லென்ஸின்மீது அல்ல, அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் தனிக் கண்ணாடி மூடியின்மீது. பெரும்பாலான கைபேசிகளில் அதை மட்டும் சில நூறு ரூபாய்க்கு மாற்றிவிடலாம். மாற்றும்போது உள்ளே தூசி புகாமல் ஒட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் கடைகளாகத் தொடங்கிய பர்மா பஜாரிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பழைய லென்ஸ் பார்ப்பவர்கள், கையில் ஒரு டார்ச்சைக் கொண்டுபோவது நல்லது. முன் கண்ணாடியில் ஓரிரு கோடுகள் இருந்து விலை கணிசமாகக் குறைந்தால் தயங்காமல் வாங்கலாம். கீறல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படத்தில் தெரியாது என்பதுதான் வாங்குபவரின் லாபம். 1940கள், 50களில் வந்த லென்ஸுகளின் பூச்சு மென்மையானது என்பதால் அவற்றில் துடைத்த கோடுகள் இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. பின் கண்ணாடியில் ஒரு கோடு இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உள்ளே சிலந்திவலைபோல் படர்ந்திருப்பது கீறல் அல்ல, பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்தில் அலமாரிக்குள் சும்மா கிடந்த லென்ஸுக்கு வருவது. தொடக்கத்தில் துடைத்து எடுக்கலாம், நாளானால் அது சுரக்கும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும், அந்தத் தடம் பிறகு போகாது.

என் 50 மி.மீ. லென்ஸ் இன்னும் பையில் இருக்கிறது. முகங்களுக்கும் மதிய வெளிச்சத்துக்கும் அதையேதான் எடுக்கிறேன், ரப்பர் ஹூட்டோடு. படகுகள் சூரியனை முதுகில் ஏற்றிக்கொண்டு வரும் அந்த அரை மணிநேரத்துக்கு மட்டும் வேறு லென்ஸை மாட்டிக்கொள்கிறேன்.